ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்கள்

பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கொரு அறிக்கை வெளியிடும். முன்பக்கங்களில் துணைவேந்தர் படம், பட்டமளிப்பு விழா, புதுக் கட்டடத் திறப்பு எல்லாம் வண்ணத்தில் இருக்கும். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் வரும். அந்த ஆண்டில் அங்கிருந்தவர்கள் வெளியிட்ட கட்டுரைகள், புத்தகங்கள், ஒப்புக்கொள்ளப்பட்ட ஆய்வேடுகள். பெயர், தலைப்பு, இதழ், பக்க எண், அவ்வளவுதான். நான் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன், அந்தப் பட்டியலைத் தொகுப்பது என் பொறுப்பு. துறை துறையாகப் போய்த் தாள்களை வாங்கி, விட்டுப்போனவர்களுக்கு மூன்று முறை ஞாபகப்படுத்தி, இதழ் பெயர்களைச் சரிபார்த்து, அகரவரிசையில் அடுக்கிக் கொடுக்க இரண்டு மாதம் ஆகும்.

முதல் ஆண்டு அடுக்கி முடித்துவிட்டு மொத்தத்தையும் ஒருமுறை படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு வண்டினம் முட்டையிடும் காலம், அதற்குக் கீழே வரைபடக் கோட்பாட்டில் ஒரு நிரூபணம், அதற்குக் கீழே சிலரே பேசும் ஒரு மொழியின் உறவுமுறைச் சொற்கள், அதற்குக் கீழே கான்கிரீட்டில் சாம்பல் கலந்தால் வலு எப்படி மாறுகிறது என்பது, அப்புறம் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கு வழக்கு, அப்புறம் நாடக விமர்சனம். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெரிய பல்கலைக்கழகங்களின் அறிக்கையைப் பார்த்தால் ‘புற்றுநோய் ஆய்வு’ என்ற ஒரு தலைப்பின் கீழேயே நாற்பது பக்கம் போகும், ஒரு படை அணிவகுத்துப் போவது போல. எங்களுடையது சந்தையில் கூடிய கூட்டம் மாதிரி இருந்தது.

நான்கு ஆண்டுகள் அதே பட்டியலைத் தொகுத்த பிறகு என் எண்ணம் முழுக்க மாறிவிட்டது. அந்தச் சிதறல்தான் அந்த இடத்தின் சொத்து. அதைக் குறையாக நினைத்து ஒழுங்குபடுத்தக் கிளம்புகிறவர்கள் எதை அழிக்கிறார்கள் என்று தெரியாமலேயே அழிக்கிறார்கள். இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில், சிறிய இடத்தில் ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்கலாம். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் அறுபது ஆசிரியர்கள் இருந்தால், அதில் பத்துப் பேர் ஒரே வகைச் சேர்மத்தை ஆளுக்கொரு பக்கத்திலிருந்து குடைந்துகொண்டிருப்பார்கள். சிறிய இடத்தில் மொத்தமே ஆறு பேர். பாடத்திட்டம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், வேதியியல் முழுவதையும் நடத்தியாக வேண்டும். ஆகவே வேலைக்கு எடுக்கும்போதே கரிமத்துக்கு ஒருவர், கனிமத்துக்கு ஒருவர், பகுப்பாய்வுக்கு ஒருவர் என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். அதன் விளைவாக ஒரே தாழ்வாரத்தில் இருக்கும் ஆறு பேரில் ஒருவர் செய்வது இன்னொருவருக்கு முழுதாகப் புரியாது. தன் வேலையைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் வெளியூரில் இருக்கும் யாருக்காவது எழுத வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த துறையின் கதவைத் தட்ட வேண்டும். பலர் கதவைத் தட்டுகிறார்கள். மண்ணியல்காரரும் தொல்லியல்காரரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, புள்ளியியல் ஆசிரியரின் பெயர் மூன்றாவதாக வரும் செவிலியர் ஆய்வு என்று எங்கள் பட்டியலில் ஆண்டுதோறும் நாலைந்து வரும். அவை எல்லாமே யாரோ யாரிடமோ போய் ‘இது உங்களுக்குத் தெரியுமா’ என்று கேட்டதில் பிறந்தவை.

கருவி இல்லாததும் ஒரு காரணம். பெரிய கருவி வாங்க முடியாத இடத்தில் கேள்வியைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். பணம் குறைவாகவும் பொறுமை அதிகமாகவும் கேட்கிற கேள்விகள் உலகத்தில் நிறைய உண்டு. ஒரே குளத்துக்குப் பத்து வருடம் போய்வருவது, ஒரு கையெழுத்துப் பிரதியை வரி வரியாக ஒப்பிடுவது, ஒரு தாவரக் குடும்பத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பெயர் வைப்பது, இதெல்லாம் அந்த வகை.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகம். 1927ல் கல்லூரியாகத் தொடங்கி 1954ல்தான் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. ஜார்ஜ் கிரே என்ற வேதியியலாளர் 1946ல் அங்கே போய்ச் சேர்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் திரவப் படிகங்கள். 1888ல் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கியபோது அது இரண்டு முறை உருகியது. 145.5 டிகிரி செல்சியஸில் கலங்கலான திரவமானது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. நடுவில் இருந்த அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். திரவம் போல ஓடும், ஆனால் மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பது போல ஒரே திசை பார்த்து நிற்கும். விசித்திரமான பொருள்தான், ஆனால் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு யாருக்கும் அதனால் ஒரு பயனும் தெரியவில்லை. கிரே அதைத்தான் விடாமல் செய்தார். மூலக்கூறின் நீளத்தை மாற்றினால் என்ன, பக்கத்தில் ஒரு அணுவை ஒட்டினால் என்ன என்று ஒவ்வொன்றாகத் தயாரித்து, உருகும் வெப்பநிலையை அளந்து, குறித்துவைத்தார். 1962ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். யாரும் அதைக் கேட்டு அவர் வாசலில் நிற்கவில்லை.

1968ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் திரவப் படிகத்தால் ஆன திரையைக் காட்டியது. அப்போதிருந்த பொருள்களோடு இரண்டு சங்கடம். பலவற்றுக்கு நல்ல சூடு வேண்டும். சாதாரண வெப்பத்தில் வேலை செய்த சிலவோ ஈரம் பட்டால் சிதைந்துவிடும். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் அறை வெப்பத்தில் நிலையாக இருக்கும் திரவப் படிகம் வேண்டும் என்று ஆள் தேடியது. நாட்டில் அதைப் பற்றி அத்தனை ஆழமாகத் தெரிந்தவர் ஹல்லில் இருந்தார். 1970ல் ஒப்பந்தம் ஆனது. அப்புறம் நடந்ததைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். அந்தக் கால மூலக்கூறுகளில் இரண்டு பென்சீன் வளையங்கள் இருக்கும், அவற்றுக்கு நடுவே ஒரு இணைப்புக் கண்ணி இருக்கும். மூலக்கூறு நீளமாகவும் விறைப்பாகவும் இருக்க அந்தக் கண்ணி தேவை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்திலும் வெளிச்சத்திலும் முதலில் அறுந்துபோவதும் அதே கண்ணிதான். கிரே குழு கண்ணியையே எடுத்துவிட்டு இரண்டு வளையங்களையும் நேரடியாக ஒட்டவைத்தது. ஒரு முனையில் கரிமமும் நைட்ரஜனும் சேர்ந்த சயனோ தொகுதி, மறு முனையில் ஐந்து கரிம அணுக்கள் கொண்ட வால். 5சிபி என்று இன்றும் சுருக்கமாகச் சொல்கிறார்கள். அது அறை வெப்பத்தில் திரவப் படிகமாக இருந்தது, கெட்டும்போகவில்லை. 1973ல் சில பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. அதன் உறவுக்காரச் சேர்மங்களை ஒன்றோடொன்று கலந்து வெப்ப வீச்சை இன்னும் விரித்தார்கள், கைக்கடிகாரத்திலும் கால்குலேட்டரிலும் எண்கள் தெரியத் தொடங்கின.

1946லிருந்து 1970 வரை எண்ணிப் பாருங்கள், 24 ஆண்டுகள். அந்த 24 ஆண்டுகளில் ஏதாவதொரு ஆண்டில் ஒரு குழு போய் அவரிடம் ‘இதனால் என்ன பயன், முக்கியக் களங்களில் எதில் இதைச் சேர்ப்பது’ என்று கேட்டிருந்தால் அவரால் என்ன சொல்லியிருக்க முடியும்?

ஹல்லைப் பற்றி இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும், நூலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கூடுதலாகவே பிடிக்கும். கிரே சேர்மங்களைச் சூடாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பில் இருந்தவர் கவிஞர் ஃபிலிப் லார்கின். 1955ல் வந்தவர் 1985ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையில் முக்கியமான ஒரு பெயரும், நம் கைக்கடிகாரத் திரைக்குள் இருக்கும் வேதியியலும் ஒரே சிறிய வளாகத்திலிருந்து வந்தன. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுத் தலைப்பு கிடையாது, தேவையும் இல்லை.

நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்துக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். 1964ல் தொடங்கியது, நாடே சிறியது. அங்கே 1993ல் கணினித் துறைக்காரர்கள் வேளாண்மைத் தரவுகளை ஆராய ஒரு மென்பொருள் எழுத ஆரம்பித்தார்கள். பால்பண்ணைக்காரர்கள் ஆண்டுதோறும் மந்தையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாடுகளைக் கழிக்கிறார்கள், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதெல்லாம்தான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்விகள். அந்த மென்பொருளுக்கு வேகா என்று பெயர், அந்த நாட்டில் மட்டுமே இருக்கும் பறக்காத ஒரு பறவையின் பெயர். 1997ல் அதை ஜாவா என்ற கணினி மொழியில் திரும்ப எழுதினார்கள், இலவசமாக வெளியிட்டார்கள். இப்படித் தரவிலிருந்து கணினியே கற்றுக்கொள்வதைக் குறிக்கும் இயந்திரக் கற்றல் என்ற சொல் வீட்டுக்கு வீடு வருவதற்கு வெகு முன்னாலேயே உலகம் முழுக்க மாணவர்கள் அதை வைத்துத்தான் அந்தப் பாடத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். மாட்டுக் கணக்கில் தொடங்கியது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததுதான் கிரீன்ஸ்டோன், மின்நூலகம் அமைக்கும் மென்பொருள். யுனெஸ்கோவோடு சேர்ந்து அதைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். இணைய இணைப்பு சரியாக இல்லாத இடங்களுக்காக முழுத் தொகுப்பையும் சிடியில் போட்டுக் கொடுக்கும் வசதி அதில் இருந்தது. எங்கள் நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைக் கணினியில் ஏற்ற நாங்கள் முதன்முதலில் முயன்று பார்த்தது கிரீன்ஸ்டோனில்தான். ஒரு சிறிய பல்கலைக்கழகம் செய்த பெட்டியில் இன்னொரு சிறிய பல்கலைக்கழகம் தன் சாமான்களை அடுக்கியது என்று அப்போது தோன்றியது. இதோடு நிற்கவில்லை, எலும்பும் கரியும் எத்தனை ஆண்டு பழையவை என்று சொல்லும் கதிர்க்கரிமக் காலக்கணிப்பு ஆய்வகமும் 1975லிருந்து வைகாட்டோவில் இயங்கிவருகிறது. மாடு, நூலகம், கரி!

இங்கிலாந்தின் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகத்தையும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1963ல் தொடங்கியது. 1970ல் படைப்பெழுத்தில் முதுகலைப் படிப்பு ஆரம்பித்தார்கள், அதில் படித்த கசுவோ இஷிகுரோ 2017ல் இலக்கியத்துக்கான நோபல் பெற்றார். அங்கே 1973ல் முனைவர் பட்டம் பெற்ற பால் நர்ஸ் 2001ல் மருத்துவத்துக்கான நோபல் பெற்றார். 1972ல் ஹியூபர்ட் லாம் அங்கே தட்பவெப்ப ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அவர் பழைய நாட்குறிப்புகளையும் கப்பல் பதிவேடுகளையும் படித்து, வெப்பமானி வருவதற்கு முன்னால் வானிலை எப்படி இருந்தது என்று கட்டியெழுப்பப் பார்த்தவர். வரலாற்று ஆவணத்தை வைத்து வானிலையைப் படிக்கும் ஆளை எந்தத் துறையில் உட்காரவைப்பது?

இந்தக் கேள்வி எனக்கு வேலையிலேயே வந்தது. பின்னாளில் எங்களுக்கு வேறொரு களஞ்சிய மென்பொருள் வந்தது. ஒவ்வொரு ஆய்வேட்டையும் ஏற்றும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ‘துறை’ என்று ஒரு கட்டம், அழுத்தினால் பட்டியல் விரியும், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஒருநாள் மீன்பிடிக்கிறவர்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வைத்திருக்கும் சொற்களைத் தொகுத்த ஒரு ஆய்வேடு என் மேசைக்கு வந்தது. மொழியியல் துறையில் சமர்ப்பித்தது. படித்தால் பாதிக்குப் பாதி கடலியல். எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து வரும் காற்றுக்கு என்ன பெயர், அந்தக் காற்றில் என்ன மீன் கரையொதுங்கும் என்று அட்டவணை அட்டவணையாக இருந்தது. நான் மொழியியல் என்று தேர்ந்தெடுத்தேன், வேறு வழியில்லை. அந்த ஒரு சொடுக்கில் அது கடல் பற்றித் தேடுகிற எவர் கண்ணிலும் படாமல் போய்விட்டது. அன்று சாயங்காலம் வரைக்கும் அது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் குறிச்சொல் கட்டத்தில் எனக்குத் தோன்றிய கடல் சம்பந்தப்பட்ட சொற்களை எல்லாம் போட்டு நிரப்பினேன். அதற்குப் பிறகு எந்த ஆய்வேட்டையும் முன்னுரையாவது படிக்காமல் ஏற்றியதில்லை. வேலை மெதுவாகத்தான் நடந்தது.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். இன்று ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வை மதிப்பிட உட்கார்ந்தால் முதலில் வருவது மேற்கோள் எண்ணிக்கை. யூஜின் கார்ஃபீல்டு 1955ல் முன்வைத்த யோசனை அது. ஒரு கட்டுரையை அதற்குப் பிறகு யார் யார் எடுத்தாண்டார்கள் என்று அட்டவணை போட்டால் தேடுவது எளிதாகும் என்றார், 1964ல் அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. நூலகத்தில் இருப்பவனுக்கு அது அருமையான கருவி, ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். தேடுவதற்குச் செய்த கருவியை எடைபோடும் தராசாக ஆக்கியதில்தான் கோளாறு. இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டர் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளை இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று மட்டும் பார்க்கிறது. உயிர்வேதியியலில் இரண்டு வருடம் என்பது நீண்ட காலம். கணிதத்தில் ஒரு நிரூபணத்தை மற்றவர்கள் நிதானமாகப் படித்து ஜீரணிக்கவே அவ்வளவு ஆகும். வரலாற்றில் முக்கியமான வேலை புத்தகமாக வரும், கட்டுரையாக வராது. ஹோர்ஹே ஹிர்ஷ் 2005ல் சொன்ன எச்-இண்டெக்ஸும் அப்படித்தான். ஒருவருடைய பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து மேற்கோள் பெற்றிருந்தால் அவருக்குப் பத்து என்கிற மாதிரி கணக்கு, துறைக்குத் துறை அதன் அளவு மாறும். எல்லாத் துறையும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் பட்டியலை இந்தத் தராசில் வைத்தால் அங்கே என்ன துறைகள் அதிகம் என்பதுதான் தெரியும், வேலை நன்றாக நடக்கிறதா என்று தெரியாது.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, எளிமையானது, ஆனால் முடிவெடுக்கிறவர்கள் அடிக்கடி மறப்பது. சராசரியின் ஆட்டம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையும். ஆண்டுக்கு 20,000 கட்டுரை வெளியிடும் இடத்தோடு ஒப்பிட்டால், 200 கட்டுரை வெளியிடும் இடத்தின் சராசரி பத்து மடங்கு அதிகமாக ஆடும், இரண்டு இடத்திலும் வேலையின் தரம் ஒரே மாதிரி இருந்தாலும்கூட. ஆகவே சிறிய பல்கலைக்கழகங்கள் தரவரிசையில் ஒரு ஆண்டு மேலே போவதும் மறு ஆண்டு சரிவதும் பெரும்பாலும் வெறும் ஆட்டம். 2015ல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையைப் பற்றி, ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள் இருந்தார்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போனது. அப்படிப்பட்ட கட்டுரையில் ஒரே ஒரு ஆசிரியரின் பெயர் இருந்தால் போதும், ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் மேற்கோள் சராசரி ஒரேயடியாகத் தூக்கிவிடும். அவர் வேறு இடத்துக்கு மாறிப்போனால் அடுத்த ஆண்டு விழும். நடுவில் அந்த வண்டுக்காரரும் நாடகக்காரரும் தங்கள் வேலையை முன்பு செய்தது போலவே செய்துகொண்டிருப்பார்கள்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை தரவரிசை சரிந்தது. உடனே ஒரு கூட்டம் போட்டார்கள். மூன்று முக்கியக் களங்களைத் தேர்ந்தெடுப்பது, ஆராய்ச்சி நிதியை அவற்றுக்கு மட்டும் ஒதுக்குவது என்று முடிவானது. நான் தொகுத்த பட்டியலைத்தான் திரையில் போட்டார்கள். அதில் இருந்த கட்டுரைகளை மூன்று நிறத்தில் பூசியிருந்தார்கள், எந்தக் களத்திலும் சேராதவை சாம்பல் நிறம். பாதிக்கு மேல் சாம்பல். அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை, என்னைக் கேட்கவும் இல்லை. ஆனால் அந்தச் சாம்பல் வரிகள் ஒவ்வொன்றும் எனக்கு ஒரு முகம். தாள் கொண்டுவந்து கொடுக்கும்போது ‘இதழ் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போச்சு, பார்த்துப் போட்டுக்கங்க’ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர்களில் சிலர் தங்கள் கேள்வியை விட்டுவிட்டு நிறம் இருக்கும் பக்கம் போனார்கள். பட்டியல் ஒழுங்காக ஆனது. அடுத்த துறைக் கதவைத் தட்டி எழுதிய கட்டுரைகள் நாலைந்திலிருந்து ஒன்றாகக் குறைந்தன.

குவிந்து வேலை செய்வது தவறு என்று நான் சொல்லவில்லை. பெரிய குழு தேவைப்படும் வேலைகள் உண்டு, ஹிக்ஸ் துகளை இருவர் சேர்ந்து கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் 2019ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது, 1954லிருந்து 2014 வரை வந்த 6.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகள், காப்புரிமைகள், மென்பொருள்களை எடுத்துப் பார்த்தார்கள். பெரிய குழுக்கள் ஏற்கெனவே இருக்கும் யோசனைகளை வளர்த்தெடுக்கின்றன, சிறிய குழுக்கள்தான் பழையதைக் கலைத்துப் புதிய பாதை போடுகின்றன, அவை பழைய, அதிகம் பேர் பார்க்காத வேலைகளைத் தேடிப் போய் எடுக்கின்றன, ஆனால் அங்கீகாரம் தாமதமாகத்தான் வருகிறது என்பது அதன் சாரம். படித்தபோது நான் தொகுத்த பட்டியல்தான் கண்முன் நின்றது.

சிதறியிருப்பதெல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். பதவி உயர்வுக்குப் புள்ளி சேர்க்க ஒரே பரிசோதனையை நான்காக நறுக்கிப் போட்டவை என் பட்டியலில் இருந்தன. பணம் கட்டினால் எதையும் போடும் இதழ்களில் வந்தவையும் இருந்தன. சோதித்த சாயத்தை மட்டும் மாற்றி அதே கட்டுரையைத் திரும்ப எழுதியவையும் இருந்தன. இவற்றைக் கண்டுபிடிக்க ஒரே வழி படித்துப் பார்ப்பதுதான், எண்ணிப் பார்த்தால் இவைதான் முன்னால் வந்து நிற்கும். 2012ல் சான் பிரான்சிஸ்கோவில் ஆய்வாளர்களும் பதிப்பாசிரியர்களும் கூடி எழுதிய அறிக்கை, இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்துத் தனி ஆளையோ தனிக் கட்டுரையையோ மதிப்பிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. ஆய்வை எப்படி மதிப்பிடுவது என்று 2015ல் வந்த லைடன் அறிக்கை பத்து விதிகளைச் சொன்னது, அவற்றில் ஒன்று அந்தந்த வட்டாரத்துக்குப் பொருத்தமான ஆய்வுகளில் இருக்கும் சிறப்பைக் காப்பாற்றுங்கள் என்பது. ஆங்கிலத்தில் எழுதாத ஆய்வும், ஒரு ஆற்றுப்படுகையை மட்டும் பற்றிய ஆய்வும் உலக அட்டவணைகளில் சரியாக ஏறுவதில்லை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கடைசியாக ஆய்வேடுகள். எனக்கு இதுதான் மனதுக்கு நெருக்கமானது. கட்டுரை எட்டுப் பக்கம் இருக்கும், உலகத்துக்காக முடி சீவி எழுதியது. ஆய்வேடு முந்நூறு பக்கம். கறுப்பு ரெக்சின் அட்டை, முதுகில் தங்க எழுத்து, உள்ளே பின்னட்டையில் ஒரு உறை, அதில் சிடி. எங்கள் அலமாரியில் அதற்கும் முந்தைய ஃபிளாப்பிகள் இருந்தன, பாதி திறக்கவில்லை, திறந்தவற்றிலும் கோப்பைப் படிக்க மென்பொருள் இல்லை. தாள் மட்டும் எல்லாவற்றையும் தாண்டி இருந்தது. ஆய்வேட்டில் எல்லாரும் முடிவுரையைப் படிப்பார்கள். நான் போகப் போகப் பின்னிணைப்பிலிருந்து படிக்கப் பழகிக்கொண்டேன். கட்டுரையில் ஒரு கோடாக வந்தது அங்கே நாள் வாரியாக, எண்ணாக, முழுதாக இருக்கும். முடிவுரை பத்து வருடத்தில் பழசாகிவிடலாம், அந்த எண்களைத் திரும்பப் போய் அளக்க முடியாது, அந்த நாள் போய்விட்டது.

ஒரு ஏரியின் நீரைப் பற்றிய ஆய்வேடு ஒன்று இருந்தது. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்னால் எழுதியது, மேற்கோள் காட்டிய கட்டுரை எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருநாள் புவியியல் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி வந்து அதைக் கேட்டார். முடிவுரை வேண்டாம், பின்னிணைப்பு மட்டும் ஸ்கேன் செய்து கொடுக்க முடியுமா என்றார். அதே ஏரிக்கு அவர் போய் அளக்கப்போகிறார், பழைய அளவு வேண்டும், நெறியாளர் எப்போதோ இப்படி ஒன்று இருப்பதாகச் சொன்ன ஞாபகத்தில் தேடி வந்திருந்தார். கட்டு இறுகியிருந்ததால் ஆய்வேட்டை முழுதாக விரிக்க முடியவில்லை, ஒரு கையால் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். இரண்டு வருட அளவு, வாரத்துக்கு இரண்டு நாள். தேதி, நேரம், நீர் மட்டம், வெப்பநிலை, உப்பு. நடுநடுவே எண் இல்லாத வரிகள், எண் இருக்க வேண்டிய இடத்தில் தட்டச்சில் காரணம் போட்டிருந்தார்கள். ‘மழை, படகு இறங்கவில்லை.’ ‘வெப்பமானி உடைந்தது.’ ‘தேர்வுப் பணி.’ ஒரு வரியில் காரணம் எதுவும் இல்லை, பக்கத்தில் பென்சிலால் யாரோ ஒரு கேள்விக்குறி போட்டு அதன் கீழே சின்னதாகக் கையெழுத்திட்டிருந்தார்கள், நெறியாளராக இருக்கும். அந்தப் பென்சில் குறி ஸ்கேனில் விழவில்லை. வெளிச்சத்தைக் கூட்டி இன்னொரு முறை எடுத்தேன், அப்போது விழுந்தது.